ரெஜிஸ்ட்ரிக்கு இருவர்

வியாழக்கிழமை காலை சேவுகம்பட்டியிலிருந்து பாக்கியம் மேடத்தின் தம்பி அழைத்தார். “டீச்சர், அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு.” ஏன் எனக்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் பாக்கியம் மேடம், நாகல் நகரில் தனியாக வசித்தவர். நானும் தனியாக இருப்பவள்தான். பல ஆண்டுகள் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிட்டோம். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை.

நான் சேர்ந்த புதிதில், மாணவர்கள் எழுதும் புரோகிராம்களை வைரஸ் என்று எண்ணி ஆன்டிவைரஸ் அழித்துக்கொண்டிருந்தது. செய்முறைத் தேர்வு நெருங்கியது. மாணவர்களின் ஃபோல்டரைத் தொடாதே என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது கணினி தன் அமைப்புகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடத்தில், மாற்றி எழுதினேன். சற்று நேரத்தில் அது பழையபடி ஆகிவிட்டது.

மேடம் சிரித்தார். “ஏன் டீச்சரம்மா, காவக்காரன் முழிச்சிருக்கையில பூட்ட மாத்துனா விடுவானா? மொதல்ல ஆன்டிவைரஸுக்குள்ள போயி அதோட பாதுகாப்ப நிறுத்துங்க. பெறகு ரெஜிஸ்ட்ரிய மாத்துங்க. மாத்துன கையோட பாதுகாப்பத் திரும்பப் போட்ருங்க.”

ரெஜிஸ்ட்ரியை யாரும் தனியாகத் தொடக்கூடாது என்பது அவர் வைத்திருந்த வழக்கம். எழுதிய மாற்றத்தை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் திரையைப் பார்த்து “ஆமா” சொன்ன பிறகே என்டர் தட்ட வேண்டும். எனக்கு அது சடங்காகத் தோன்றியது. ஒருநாள் நான் வாசித்து முடித்தும் “ஆமா” வரவில்லை. “டி டிரைவு மொத்தத்தையும் தானம் குடுத்துட்டீங்களா?” என்றார். ஃபோல்டரின் பெயரை விட்டிருந்தேன்; தட்டியிருந்தால் அந்த டிரைவு முழுவதும் காவலில்லாமல் போயிருக்கும்.

“தேர்வு முடியிற வரைக்கும் பாதுகாப்ப அணைச்சே வையுங்களேன்” என்றார் கல்லூரியின் அப்போதைய முதல்வர்.

“சரிங்க சார். அதுவரைக்கும் உங்க வீட்டுக் கதவையும் தொறந்தே வச்சிருங்க” என்றார் மேடம்.



இந்த ஆண்டு கணினிகளைப் புதுப்பித்ததில் எங்கள் மாற்றங்கள் போய்விட்டன. நாளை செய்முறைத் தேர்வு. இன்று ஞாயிறு, ஆய்வகத்தில் நான் மட்டும். இறந்தவர்கள் கேட்பார்கள் என்று நான் நம்புவதில்லை. இருந்தும் முதல் கணினியில் பாதுகாப்பை நிறுத்தி, மாற்றத்தை எழுதி, உரக்க வாசித்தேன். என்டர் மேல் விரல் நின்றுவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, அங்கிருந்து திரையை எழுத்தெழுத்தாகப் பார்த்து, நானே “ஆமா” என்றேன். என்டர் தட்டி, பாதுகாப்பைத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு கணினியிலும் இப்படியே இடம் மாறி மாறி உட்கார்ந்தேன். முடிப்பதற்குள் மாலையாகிவிட்டது.

மேடம், நாளை எந்தப் பிள்ளையின் புரோகிராமும் அழியாது. போய் வாருங்கள்.