வளைந்த கம்பி

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொங்குபாலத்தைச் சோதிக்க வந்த எஞ்சினியர், பேசும்போதெல்லாம் ஒரு கம்பித்துண்டை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருப்பார். மண்சரிவில் வளைந்த பாலத்துக் கம்பியின் வலுவை மடிக்கணினியில் கணக்கிட்டார். தோட்டத்துக் கிளாக்கரான நான் கூட நின்றேன்.

"நிமித்திப் பெயின்ட் அடிச்சா போதாதா?" என்றார் தோட்ட மேலாளரான துரை.

"வளையறப்பவே உள்ளுக்குள்ள கீறல் விழுதுங்க. கீறல் கூடக்கூட இன்னும் சுலபமா வளையும். ரெண்டையும் சேத்துத்தான் கணக்குப் பாக்கணும். நிமித்தினா கீறல் கூடும், மறையாது. மாத்தணுங்க."

துரை நிமிர்த்தவே சொன்னார். எஞ்சினியர் மடிக்கணினியை மூடிக் கிளம்பி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, அக்கரை போக ஆற்றில் இறங்கினார்.

கொழுந்துச் சாக்கோடு பாலத்தில் போன பெண்கள் சிரித்தார்கள்: "ஐயா, பாலந்தான் இருக்குதுங்களே!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரைக் கோழை என்று இன்றும் திட்டுகிறேன். அன்று அவர் பின்னால், வாய் திறக்காமல், நானும் தண்ணீரில்தான் இறங்கினேன்.