பார்சலில் போன சீலா கருவாடு

போன வருடம் மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் படிக்கிற மகனுக்குக் கருவாடு பொரிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் அப்பா துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். வீட்டை பேங்கில் வைத்துத்தான் பிள்ளையை அனுப்பினோம். காலேஜ் ஃபீஸ் கட்டியதோடு எங்கள் கை ஓய்ந்துவிட்டது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவனே ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிச் சம்பாதித்தான். படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று அங்கே சட்டமாம். "வாடக குடுத்தா மிச்சம் என்னய்யா இருக்கும்?" என்று கேட்டால், "அதெல்லாம் போதும்மா, எனக்குத் தனி ரூம் இருக்கு" என்பான். ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தான். பெற்ற மனசு கேட்குமா? காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் அந்த ஊருக்குப் போகிறான் என்று தெரிந்ததும், நல்ல சீலா மீன் கருவாடாகப் பார்த்து வாங்கி, நாலு உறை சுற்றிக் கொடுத்துவிட்டேன். "எம்மா, இங்கன அதெல்லாம் பொரிக்க முடியாது" என்றான் மகன். நான் எங்கே கேட்டேன்? "வெள்ளக்காரன் மூக்கப் பொத்திக்கிடட்டும். நீ தின்னுய்யா" என்றேன்.

நான் பிடித்த பிடியில்தான் அன்றைக்கு அவன் சட்டியை அடுப்பில் வைத்தான். "தீயக் கூட்டுலே, மொறுமொறுன்னு வரட்டும்" என்று சொல்லி நான் வாய் மூடவில்லை, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். புகை பட்டால் அலறுகிற கருவி அந்த ஊர் வீடுகளில் இருக்குமாம். அவன் போன் மல்லாக்க விழுந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளையாக ஒரு மேற்கூரை.

மாடிப்படியில் தடதடவென்று ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒருவன் மலையாளம் பேசினான், ஒருவன் இந்தி. நம் பக்கத்துப் பேச்சிலும் ஒரு குரல் கேட்டது. "ஏலே, சன்னலத் தொறலே! ஏஜென்ட் வந்துரப்போறான்!" தனி ரூம் என்றானே, இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

அதே தெருவில் குடியிருந்த அந்த வீட்டு ஏஜென்ட் வந்தேவிட்டான். மூன்று பேருக்கு விட்ட வீட்டில் ஏழு பேர் இருந்திருக்கிறார்கள். ஒரே கட்டிலில் பகலில் ஒருவன், ராத்திரி ஒருவன் என்று முறைவைத்துப் படுத்திருக்கிறார்கள். அங்கே விற்கிற வாடகைக்கு வேறு வழியில்லை என்று மகன் பிறகு சொன்னான். அப்போது எனக்குப் புரிந்தது, அந்த ஆள் போட்ட கூச்சலில் திரும்பத் திரும்ப வந்த 'அவுட்' மட்டும்தான். "எய்யா, எய்யா" என்று இங்கிருந்து கத்தினேன். யார் காதில் விழும்?

அன்றைக்கே ஏழு பிள்ளைகளும் பெட்டியோடு நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்கள், அந்தக் குளிரில். என் மகன் பஸ் ஸ்டாண்டிலும் காலேஜ் லைப்ரரியிலும் கிடந்து, ஒருவழியாக ஊருக்கு வெளியே ஓர் இடம் பிடித்தான். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

சன்னலைத் திறக்கச் சொன்னவன் ஆறுமுகநேரிப் பையன். அவனுக்கு மட்டும் கடைசிவரை இடம் அமையவில்லை. குளிரில் நெஞ்சுச்சளி கட்டி, வேலையும் போய், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். அதை மகன் சொன்னபிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்தத் தாயின் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினேன்.

பையன் உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். நான் இன்னார் என்று சொன்னதும் அவன் முகம் மாறியது. அவன் அம்மா காபி போட உள்ளே போனதும், என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"சித்தி, கருவாட்டுப் பேச்ச மட்டும் எடுத்துராதீங்க. குளிரு ஒத்துக்கிடலன்னுதான் அம்மாட்ட சொல்லிருக்கேன். விசயம் தெரிஞ்சா ஒங்கள ஏசியே தீத்துருவா."

அடப்பாவி, உன் படிப்பே போய்விட்டதே, என்னை எதற்கடா காப்பாற்றுகிறாய் என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவன் அம்மா காபியோடு வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்ய மதினி, இவன் குடுத்து வச்சது அவ்வளவுதான். ஒங்க மவனாவது அங்கன நல்லா இருக்கட்டும்."

அந்தக் காபியை எப்படிக் குடித்தேனோ தெரியாது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

மகன் படிப்பை முடித்துவிட்டான் என்று போன மாதம் சேதி வந்தது. தெருவுக்கே மிட்டாய் கொடுக்கலாம் என்றார் அவன் அப்பா. எனக்குக் கை வரவில்லை. என் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று யார் வாழ்த்தினாலும், நான் கவிழ்த்துவிட்ட பிள்ளையைப் பெற்றவள்தான் அதை முதலில் மனசாரச் சொன்னாள் என்பதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.