ஜுசேலியா எழுதிய பன்னிரண்டாவது காதல் கதை

ஜுசேலியா உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. என் ஜெராக்ஸ் கடைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே சொல்வாள். நான் தட்டச்சு செய்வேன். வலது இடுப்பெலும்பு தேய்ந்துபோனதால் கால்மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. இடுப்பு நன்றாக இருந்த காலத்திலும் அவள் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம். அடையாள அட்டையை நகலெடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றபடி கதை கேட்பார்கள். ஒருமுறை மரணச் சான்றிதழோடு வந்த ஒரு பெரியவர், வந்த வேலையை மறந்து, "அப்புறம் முத்தம் குடுத்தானா இல்லையா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பிறவியிலேயே அரிவாள்செல் ரத்தசோகை; திடீர் திடீரென்று எலும்பெல்லாம் வலியில் துடிக்கும். எங்கள் கஷொயெய்ரா ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கிற நோய்தான். ஆனாலும் சல்வடோர் நகரத்துப் பதிப்பகம் ஒன்றுக்கு அவள் எழுதிக் கொடுத்த பதினோரு காதல் கதைகளிலும் நாயகிகள் நோய் நொடியில்லாதவர்கள். மழையில் ஓடுவார்கள், குதிரை ஏறுவார்கள்.

"நான் ஓடிப் பதினாறு வருஷமாச்சு கிறிஸ்பினா. அவளுங்களாவது ஓடட்டும்" என்பாள்.

பன்னிரண்டாவது கதைக்கு என்ன தோன்றியதோ, நாயகி மிரேலாவுக்குத் தன் நோயையே கொடுத்துவிட்டாள். அங்கே பதிப்பாசிரியரான ஒட்டாசிலியோவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை.

"நோய் நல்ல விஷயம்மா, கண்ணீர் வரும். ஆனா கடைசில குணமாக்கிடு. இல்லாட்டி சாகடிச்சுடு."

"ரெண்டும் செய்யலன்னா?"

"அப்ப கதைய நீயே வெச்சுக்க."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "தட்டுடி" என்றாள்.

முதல் ஐந்து அத்தியாயங்கள் முடிந்ததும், மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன். அந்த அறையில் எல்லாருமே அவளுடைய நோய் உள்ளவர்கள்தான். ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்க அவள் கட்டிலில் சாய்ந்தபடி வாசித்தாள். மிரேலா வலியில் காதலன் பெயரை முனகும் இடத்தில், பத்தொன்பது வயது ராயானெ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"வலி வந்தா 'ஹெய்த்தோர்'னு மெல்லமா முனகுவாளாமா? எனக்கு வந்தா எங்கம்மாவையே கெட்ட வார்த்தைல திட்டுவேன்."

பக்கத்து நாற்காலியில் இருந்த தோனா ஓதெத்தி, ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உன் கதைல வர்ற பொண்ணுக்குக் கண்ணு என்ன நிறம்?"

"தேன் நிறம்."

"தேனா? என் கண்ணப் பாரு. உன் கண்ணக் கண்ணாடில பாரு. மஞ்சக்காமால மாதிரி இருக்கற கண்ண எவனாவது காதலிச்சிருக்கானா, அத எழுது."

ஜுசேலியாவுக்கு வந்த கோபத்தில், ரத்தப் பை தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டாள். தாதி போய் இழுத்து வர வேண்டியதாயிற்று. அதன்பின் மூன்று வாரம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கடைக்கு வருவாள், பேனா மூடிகளைத் திறந்து மூடுவாள், போய்விடுவாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம் எவிலாசியோவைப் பிடித்தாள். அவன் பக்கத்து ஊரான சாந்து அமாருவுக்கு வேன் ஓட்டுபவன். ஐந்து வருடமாக அவளோடு இருக்கிறான். அதில் மூன்று முறை அவளே அவனைத் துரத்தியிருக்கிறாள்.

"உண்மையச் சொல்லு. எனக்கு வலி வர்றப்ப நீ எங்க போற?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கணினியைப் பார்த்தேன்.

"தண்ணி வாங்கப் போறேன்."

"நாப்பது நிமிஷமாவா?"

"வேன்ல போய் உக்காந்துக்குவேன்" என்றான் கடைசியில். "ரேடியோவச் சத்தமா வெப்பேன். நீ கத்தறது கேக்கக் கூடாதுன்னு. பயமா இருக்கு ஜு. போதுமா?"

இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். எழுதியதையெல்லாம் அழிக்கச் சொன்னாள். புதிய கதையில் ஹெய்த்தோர் வேனுக்கு ஓடினான், ரேடியோவை வைத்தான், அழுதான். திரும்பி வந்தபோது ஏதாவது செய்ய வேண்டுமே என்று ஒரு பை பனிக்கட்டி வாங்கி வந்தான். இந்த வலிக்குக் குளிர் ஆகவே ஆகாது. மிரேலா அந்தப் பையை அவன் தலைமேலேயே விட்டெறிந்தாள். அவர்கள் ஒன்றாகப் படுக்கும் காட்சியில், எந்தப் பக்கம் திரும்பினால் இடுப்பு வலிக்காது என்று இருவரும் தேடித் தேடித் திணறிச் சிரித்துவிடுவார்கள். அதைத் தட்டும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் மூச்சுக்கூட விடவில்லை.

எவிலாசியோ கடையில் நின்றே படித்தான்.

"ஊருக்கே நாந்தான்னு தெரிஞ்சுடும்."

"உன் பேரா போட்டிருக்கேன்?"

"வேன் வெள்ளை. பக்கவாட்டுல கீறல்கூட அப்படியே இருக்கு."

"சரி, பச்சையாக்கிடறேன்."

"பச்சை வேண்டாம். அது எர்னஸ்தோ வேன். அவனா உன்னக் காதலிக்கிறான்?"

படித்து முடித்தும் தாள்களைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஒட்டாசிலியோ மறுத்துவிட்டார். நாங்களே நகலெடுத்து, நடுவில் பின் அடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதல் பிரதியை ராயானெ பறித்துக்கொண்டாள். அடுத்த மாதம் போனபோது பக்கத்து வார்டுக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். ஹெய்த்தோர் கோழை என்று ஒரு கட்சி, பாவம் என்று ஒரு கட்சி. செய்தி எப்படியோ சல்வடோரை எட்டி, ஒட்டாசிலியோ கூப்பிட்டார்.

"போடறேன்மா. கடைசி அத்தியாயத்துல ரெண்டே வரி. புது சிகிச்சை, மிரேலா குணமாயிட்டா. அவ்வளவுதான்."

ஜுசேலியா அழைப்பைத் துண்டித்துவிட்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். ஆற்றுப் பாலத்தின் ஆடும் பலகைகள்மேல் அக்கரை வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி போனாள். அந்த இடுப்போடு அப்படி நடப்பது அவளுக்கு நல்லதில்லை. சொன்னால் கேட்கிற ஆளா? பாலத்தின் நடுவில் நின்று அவரை அழைத்து, "முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நடைக்கு விலை எட்டு நாள் ஆஸ்பத்திரி. எவிலாசியோ கூடவே இருந்தான். இரண்டு முறை மட்டும் வேனுக்குப் போனான். திரும்பி வந்து, போனதை அவனே சொன்னான். அவள் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் தோனா ஓதெத்தி இறந்துபோனார். அவருடைய மகள் கடைக்கு வந்தாள். அம்மா கடைசி அத்தியாயத்தைப் படிக்கவில்லை, முடிவு என்னவென்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க" என்றாள் ஜுசேலியா. "டிசம்பர்ல அவளுக்கு மறுபடி வலி வருது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்தப் பெண் ஒரு பிரதி கேட்டு வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். ஜுசேலியா கதவுவரை போய் எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்தாள், மறுபடி கதவுக்குப் போனாள்.