மெயின்லேண்டுக்கு ஏற்றிய வியாதி

ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவள் நான் என்று தெரிந்ததும், போன வாரம் பிரஷர் பார்த்த சின்ன வயது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நோயே இல்லைம்மா, மருத்துவம் இப்போ ஒத்துக்கிட்டாச்சு" என்றாள். மருத்துவத்துக்கு என் நன்றி. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குப் பத்தொன்பது வயது. லம்பா லைனில் வீடு. அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த தச்சர். ஒரு ஞாயிறு எல்லோரும் பூசைக்குப் போன நேரம், அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். செபமாலையை விட்டுவிட்டுப் போன அப்பா பாதி வழியில் திரும்பி வந்தார்.

முதலில் ஒரு வங்காளி டாக்டர். நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அமுக்கினார், கல்லீரல் கோளாறு என்றார். என் பெண்மை அங்கேதான் ஒளிந்திருந்ததாம், எனக்குத்தான் தெரியவில்லை. கசப்பு டானிக் கொடுத்து, சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னார். பங்குச்சாமியாரோ, இது நோயில்லை, பாவம் என்று ஒன்பது நாள் செபம் கொடுத்தார். இரண்டையும் ஒழுங்காக முடித்தேன். உடம்பு நன்றாகத் தேறியது. புடவை முன்னைவிட எடுப்பாக நின்றது.

பிறகு தடித்த புத்தகத்தோடு புது டாக்டர் ஒருவர் வந்தார். "மனநோய். மண்டையில் கரண்ட் வைத்தால் இதெல்லாம் மறந்துபோகும். யஹான் நஹி ஹோகா, மெயின்லேண்ட் லே ஜாவோ" என்றார். இங்கே ஆகாது, கடல் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோ என்று அர்த்தம். எங்கள் தீவில் டாக்டருக்குப் பிடிபடாத எதையும் கப்பலில் ஏற்றிவிடுவது வழக்கம். சிறுநீரகக் கல் போகும், கண் புரை போகும், இந்த முறை நான்.

"வேண்டாம்ப்பா, நான் இப்படியே இருந்துக்கிடுதேன்" என்று காலில் விழுந்தேன்.

"ஏல, இப்படியே இருக்கவா உன்னப் பெத்தோம்?" என்றார்.

கப்பல் ஏறும் சாத்தம் ஜெட்டிக்கு அக்கம்பக்கமே திரண்டு வந்தது, ஆளுக்கொரு சீட்டோடு. மெயின்லேண்டுக்கு யார் போனாலும் சாமான் சொல்லி அனுப்புவது எங்கள் ஊர்ப் பண்பாடு. மண்டையில் கரண்ட் வைக்கப் போகிறவளிடம் நல்ல புளியாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, அழுதுகொண்டே நின்றாள்.

அங்கே நடந்தது எனக்கு அதிகம் நினைவில்லை. சிகிச்சை அந்த அளவுக்கு வெற்றி.

இரண்டு மாதம் கழித்து அப்பா என்னைத் திரும்பக் கூட்டிவந்தார். ஜெட்டியில் ஒரு பெண் ஓடிவந்து என் கன்னத்தைத் தடவினாள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள்.

"இருக்கேன். நீங்க யாரு?" என்றேன் மரியாதையாக.

அவள் கை அப்படியே நின்றது. "சரியாயிரும், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்குமாம். அந்தச் சீக்கு போயிருச்சுன்னு டாக்டரு எழுதியே குடுத்திட்டாரு" என்று அப்பா பெருமையாகக் காகிதத்தை நீட்டினார்.

நான் அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "புடவை நல்லாயிருக்கு. எனக்கும் இந்த நிறத்துல ஒண்ணு வேணும்" என்றேன்.

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லை. என்னைத் தன்னோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள்:

"இனிமே எவனும் எம்புள்ளையக் கொணமாக்க வேண்டாம். கேட்டுக்கிட்டீகளா?"