சிவகிரிக்குப் போன அம்பாசிடர்

எங்கள் நர்சிங் ஹோமுக்கு நர்ஸ் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் நான் அதற்கு மானேஜர். பயிற்சி முடித்து வரும் பிள்ளைகள் மதுரையிலோ திருநெல்வேலியிலோ வேலை கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். நிலைத்தவர் சிஸ்டர் பாக்கியம் ஒருவர்தான். பிரசவ வார்டே அவர் கையில் இருந்தது.

ஒரு நாள் அவரும் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். தினமும் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இடுப்பு விட்டுப்போயிற்றாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பாக்கியம் போயிட்டா பிரசவ வார்டைப் பூட்ட வேண்டியதுதாம் வே. என்னத்தையாவது செய்யும்."

கார் விட்டால் என்ன என்று நான்தான் கேட்டேன். கலெக்டருக்குக் கார் உண்டு. நர்ஸுக்குக் கார் என்று அந்தக் காலத்தில் யார் கேள்விப்பட்டார்கள்? டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் தன் பழைய அம்பாசிடரைத் தந்துவிட்டார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் எதையும் முறையாகச் செய்ய வேண்டுமே! பெயிண்டரைக் கூப்பிட்டு இரண்டு பக்கக் கதவிலும் பெரிதாகச் சிவப்பு பிளஸ் போடச் சொன்னேன்.

முதல் நாள் டிரைவர் சுடலை வெறும் காரோடு திரும்பி வந்தான். பின்னாலேயே சிஸ்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாளும் அதே கதை. கேட்டால், "வேண்டாம் அண்ணாச்சி" என்பதோடு சரி. வீட்டு வாசலுக்கு வருகிற காரை ஒருத்தர் வேண்டாம் என்பாரா? எனக்கு மண்டை குடைந்தது. மூன்றாம் நாள் நானே காரில் ஏறிவிட்டேன்.

சிவகிரியில் சிஸ்டரின் தெருவில் கார் திரும்பியதுதான் தாமதம், ஓர் அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஐயோ, எம் மவ மாரிக்கு என்ன ஆச்சு?" என்று பின்சீட்டை எட்டிப் பார்த்தார். அந்த மாரி எங்கள் வார்டில்தான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டில் மாசமாக இருந்த பெண்ணை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சிஸ்டர் வெளியே வந்தார். "மாரி நல்லாருக்கா சித்தி. பிள்ளையும் நல்லாருக்கு" என்று அவரைத் தேற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீயளா? மூணு நாளா இதே கூத்துதான். பிளஸ் போட்ட வண்டி இந்தத் தெருவுக்கு எப்ப வரும் தெரியுமா? பெரியாஸ்பத்திரில இருந்து பொணத்தக் கொண்டாரும்போதுதான் வரும். எங்க அப்பாவையும் அப்படித்தான் கொண்டாந்தாவ. அதக் காலங்காத்தால வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுதீயளே!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "நான்தாம்மா போடச் சொன்னேன். இன்னைக்கே அழிச்சிருதேன்."

"அழிச்சா ஆச்சா? வண்டியத்தான் தெருவே பாத்து வச்சிருக்குல்லா." கொஞ்சம் யோசித்தார். "அழிக்காதீய. நாளைக்கு மாரிய டிஸ்சார்ஜ் பண்ணுதோம்லா, இதுலயே கொண்டாந்து விடுவோம். பொறவு பாப்போம்."

மறுநாள் அதே கார் அதே தெருவில் திரும்பியது. அதே அம்மா ஓடி வந்தார். சிஸ்டர் கதவைத் திறந்து மாரியை இறக்கிவிட்டு, துணியில் சுற்றிய குழந்தையை அந்த அம்மா கையில் கொடுத்தார்.

"இந்தாங்க சித்தி, உங்க பேத்தி. கார்ல வந்து எறங்குதா, பாருங்க."

தெருவே காரைச் சூழ்ந்துகொண்டது. சாத்திய கதவைத் திறந்துகொண்டு அந்த மாசமான பெண்ணும் வந்தாள். "எனக்கும் இந்தக் கார் வருமா அக்கா?" என்று சிஸ்டரிடம் கேட்டாள்.

அடுத்த நாள் காலை சிஸ்டர் காரில்தான் வந்தார். நேரே என் மேஜைக்கு வந்து ராஜினாமாக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நர்சிங் ஹோமை விட்டு அவருக்கு முன்னால் நான்தான் போனேன். இடையில் யாருக்கு என்ன சலுகை கொடுப்பதானாலும், முதலில் அவர்கள் வீட்டு வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன்.