மைக்கில் கூப்பிட்டது யார்?

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரு பீன்யாவில், இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் மேனேஜராக இருந்தேன். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவன். மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு.

ஆர்டர் குறைந்து, எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தொழிற்பேட்டையில் அடுத்தடுத்துச் சில தொழிலாளர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அரசு மருத்துவமனை ஒன்றும் தொழிலாளர் துறையும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தன. புதன்கிழமைதோறும் மருத்துவமனையிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் தொழிற்சாலைக்கே வந்து உட்காருவார். மனச்சுமை உள்ளவர்கள் போய்ப் பேசலாம். எங்களுக்கு வந்தவர் ஒரு கன்னடப் பெண்மணி, தமிழும் சரளமாகப் பேசுவார். உள்ளே பேசுவது நிர்வாகத்தின் காதுக்கு வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். யாரையும் நாங்கள் கூப்பிட்டு அனுப்பக் கூடாது, அவரவராக வர வேண்டும் என்பதையும் கண்டிப்பாகச் சொன்னார்.

தலையாட்டினேன். கைகழுவும் குழாயடிக்குப் பக்கத்திலிருந்த பழைய ஸ்டோர் அறையை ஒதுக்கிக் கொடுத்தேன். அரசாங்கத்தின் இன்னொரு சடங்கு என்பதுதான் என் எண்ணமாக இருந்தது.

சில வாரங்கள் யாருமே போகவில்லை. அந்தக் காலத்தில் தற்கொலைக்கு முயன்றவர் மீதே போலீஸ் வழக்குப் போட முடியும். அதனால் அப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லவே பயந்தார்கள். பிறகு கிரைண்டிங் பிரிவிலிருந்து ஒருவர் போக ஆரம்பித்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் கழுவப் போகிறவர் போலக் குழாயடிக்குப் போவார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த அறைக்குள் நுழைந்துவிடுவார். பல நாள், டிபன் பாக்ஸைக் கழுவாமலேயே திரும்பி வருவார். என் ஜன்னலிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை, திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தொழிலாளர் துறை அதிகாரி வருவதாக இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அந்தக் கிரைண்டிங் தொழிலாளி குழாயடிப் பக்கம் வரவில்லை. அதிகாரி வரும்போது அறை காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று எனக்குப் பட்டது. டைம் ஆபீசில் சொல்லி, அந்தத் தொழிலாளியின் பெயரையும் டோக்கன் எண்ணையும் மைக்கில் அறிவிக்க வைத்தேன். உடனே பெர்சனல் ஆபீசுக்கு வர வேண்டும் என்று.

எங்கள் தொழிற்சாலையில் நல்ல செய்திக்கு யாரையும் மைக்கில் கூப்பிட்டதே இல்லை. அந்த வருஷம் அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் எல்லாம் விருப்ப ஓய்வுக் கடிதத்தோடு வெளியே போனவர்கள். பெயருக்குத்தான் விருப்பம். தொழிலாளர்கள் அந்தக் கடிதத்துக்குத் ‘தாம்பூலப் பை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்தது, கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். வந்ததும் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவர் வரவில்லை. மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, நேராக கேட்டுக்குப் போயிருக்கிறார். செக்யூரிட்டி கேட்டதற்கு, கணக்கு முடிஞ்சிடுச்சு என்றாராம். செக்யூரிட்டியும் வழிவிட்டுவிட்டார்.

அதிகாரிக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆலோசகர் என் அறைக்குள் வந்தார்.

“சார், மைக்ல கூப்ட்டது யாரு?”

“நான்தாம்மா.”

“அவரு எங்கிட்ட என்ன சொன்னாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா இன்னைக்கு அவரு தனியா இருக்கக் கூடாது சார். அவ்ளோதான் சொல்வேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நான் முதலில் போன் செய்தது கம்பெனி வக்கீலுக்குத்தான். உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் கம்பெனிக்குப் பாதுகாப்பு என்றார் வக்கீல்.

ஆலோசகர் குறுக்கே வந்தார். “பேடா சார், போலீஸ் வேண்டாம். ஜீப்பைப் பாத்தா அவரு எங்கிட்டகூட வர மாட்டாரு.”

ரிசீவரை வைத்துவிட்டேன். இரக்கப்பட்டு வைத்தேன் என்று சொல்ல முடியாது. எதிரே அதிகாரி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் தன் மருத்துவமனைக்குப் போன் செய்து, காக்கி யூனிபார்மில் தொழிலாளி ஒருவர் தன்னைத் தேடி வந்தால் தனியாக விடாமல் பக்கத்திலேயே இருங்கள் என்று சொன்னார். பிறகு அந்தத் தொழிலாளியின் வீட்டில் பார்க்க ஆட்டோவில் கிளம்பினார். மற்ற இடங்களில் தேட நான் என் காரை எடுத்துக்கொண்டேன். அவருடைய நண்பர், பக்கத்து மெஷின்காரர், தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். கிரைண்டிங் பிரிவில் எல்லோரையும் சிரிக்க வைப்பவர். அன்று வாயே திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு, கோயில், காணாமல்போனவர் வழக்கமாக டீ குடிக்கும் கடை என்று தேடினோம். ஜாலஹள்ளி கிராஸ் சிக்னலில் நின்றபோது நண்பரே ஆரம்பித்தார்.

“நான்தான் சார் காரணம். மைக் கேட்டதும், ‘உனக்கும் தாம்பூலப் பை ரெடி மச்சான்’னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும் சிரிக்கல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிடவே கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள், ஓர் அதிகாரியிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக நான்தான் கூப்பிட்டேன் என்று. சொல்லவில்லை. “விளையாட்டுக்குச் சொன்னது, விடுப்பா” என்றேன். கேட்பவருக்கு அது பெருந்தன்மையாகப் பட்டிருக்கும்.

சாயங்காலம் தொழிற்சாலைக்குத் திரும்பியபோது மருத்துவமனையிலிருந்து செய்தி வந்திருந்தது. அவர் அங்கேதான் இருந்தார். முடியாத நேரத்தில் புதன்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே வந்து என் பெயரைச் சொல்லுங்கள் என்று ஆலோசகர் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார்.

நாங்கள் போனபோது ஒரு பெஞ்சில், நர்ஸ் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பர் போய் ஒட்டி உட்கார்ந்தார்.

“டீ குடிச்சியாடா?”

“வேலை போச்சாடா?” என்று கேட்டார் அவர்.

நண்பர் என்னைப் பார்த்தார். வேலை எங்கேயும் போகவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.

“சும்மா யாராச்சும் மைக்ல கூப்புடுவாங்களா சார்?”



சில வாரச் சிகிச்சைக்குப் பிறகு அவர் வேலைக்குத் திரும்பினார். ஆலோசகர் என்மேல் எங்கும் புகார் எழுதவில்லை. மைக்கில் இனிப் பெயர் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நிறுத்தினேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று காரணம் போட்டு அறிவிப்பு ஒட்டினேன். புதன்கிழமைகளில் அந்த அறைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிபன் பாக்ஸ் இல்லாமலேயே சிலர் வந்தார்கள். அரசாங்கச் சடங்கு என்று நான் நினைத்த ஒன்று, என்னையும் மீறி ஒரு மனிதரைக் காப்பாற்றியிருந்தது.

நண்பர்தான் மாறிப்போனார். கேலி, கிண்டல் எல்லாம் நின்றுவிட்டது. சில வருஷம் கழித்து அவரும் விருப்ப ஓய்வில் போனார். விடைபெற வந்தபோது, யாரும் கேட்காமலேயே, “அன்னைக்கு என் வாய்தான் சார்” என்றார். அன்று காரில் இருந்ததுபோலவே, அப்போதும் என் அறையில் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். மேஜையில் பேனாவை இடம் மாற்றி வைத்துவிட்டு, நல்லபடியாக இருங்கள் என்று கைகுலுக்கினேன்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில், வங்கியில், டோக்கன் எண்ணை மைக்கில் சொல்லும்போதெல்லாம் அந்தக் கைகுலுக்கல்தான் நினைவுக்கு வருகிறது. மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று தொழிலாளர்களுக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தவன் நான். சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை, அதைக் கேட்டால் மீண்டும் சிரித்திருக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லாமல் விட்டவனும் நான்தான்.