வெடிப்புப் பார்த்த விக்னராஜா

விக்னராஜா அண்ணையை ஸ்பிரிங்வேல் பக்கத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. அவர் களவெடுத்தவர் இல்லை, குடிகாரர் இல்லை. ஒரு பிள்ளையின் கையைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். அவ்வளவுதான்.

1986இல் நான் பிரேக் தட்டு வார்க்கும் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அவர் அங்கே ஒரு வருடம் பழையவர். நான் பாரம் தூக்குகிற பக்கம். அவருக்குக் கடைசி மேசை. வார்த்து வருகிற இரும்புத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், சுண்டிப் பார்ப்பார், வெடிப்பு உள்ளதைத் தள்ளி வைப்பார். மயிரிழை வெடிப்பு. எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ‘இதிலை என்ன இருக்கு?’ என்று கேட்டால், ‘இப்ப இல்லை, வரப்போகுது’ என்பார். ஒருநாள் போர்மன் நம்பாமல் அவர் தள்ளிய தட்டொன்றை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தான். அண்ணை விரல் வைத்துக் காட்டிய இடத்திலேயே அது பிளந்தது.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பேஸ்போல் மைதானம். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் செய்கிறபோது வேலி ஓரம் நின்றுதான் மத்தியானச் சாப்பாடு. எனக்கு அந்த விளையாட்டு பிடிபடவே இல்லை. அண்ணை பிச்சரை மட்டும் பார்ப்பார். நடுவில் மண் மேட்டில் நின்று பந்தெறிகிறவன்தான் பிச்சர். ‘இவன்ரை தோள் ரெண்டு மாசம் தாங்காது’ என்றார் ஒருநாள். ஆறு கிழமையில் அவன் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். இப்படி நாலைந்து தரம் நடந்ததும் கதை வோல்ட் என்கிற அமெரிக்கனின் காதுக்குப் போனது. அமெரிக்கக் கழகமொன்றுக்கு இங்கே ஆள் பார்த்துக் கொடுக்கிற கிழவன் அவன். அண்ணையின் கையில் பந்தின் வேகம் அளக்கிற ரேடார் கன் ஒன்றையும் ஒரு கட்டுப் படிவங்களையும் கொடுத்துவிட்டான். வேகம், குறி, கை, குணம் என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடம் இருக்கும். கடைசி வரி, காயம். பதினைந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை அதை நிரப்பினார். அந்தக் கடைசி வரியில் அவர் எழுதியது ஒன்றும் பிழையாய்ப் போனதில்லை.

2002இல் வந்தது வினை.

அருமைநாதனும் எங்களோடு வேலை செய்தவர்தான். அவருடைய மகன் கிருபாகரன் வலக்கைப் பிச்சர். அமெரிக்கக் கல்லூரியொன்று செலவெல்லாம் தந்து கூட்டிக்கொண்டு போயிருந்தது. மூன்றாம் வருடம். அடுத்த ஜூனில் டிராஃப்ட். அன்றைக்கு அமெரிக்கக் கழகங்கள் கல்லூரிப் பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லி எடுக்கும். பெயர் வந்தால் வாழ்க்கை. வராவிட்டால் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

கல்லூரி விடுமுறைக்குக் கிருபா இங்கே வந்து பழைய கழகத்துக்கு எறிந்தான். வோல்ட் அண்ணையிடம் சொல்லிவிட்டான், இந்தப் பெடியனின் படிவம் நீதான் எழுதவேண்டும் என்று. முதல் ஆட்டத்தில் மணிக்குத் தொண்ணூற்றுமூன்று மைல். அண்ணை சந்தோஷமாகத்தான் எழுதினார். கடைசி வரியில், காயம் இல்லை என்று ஒரு கோடு.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் அருமைநாதன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நானும் போனேன். சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. கிருபா இடக்கையில் கரண்டியோடு இருந்தான்.

‘பாருங்கோ, இவர் துரையாகிட்டார்,’ என்றா தாய் புஷ்பவல்லி. ‘கோழிக்கறியைக் கரண்டியாலை சாப்பிடுற யாழ்ப்பாணத்தானை எங்கையாவது கண்டனியளே?’

‘அம்மா, லீவ் இட்.’

‘லீவும் இல்லை கீவும் இல்லை. கையாலை பிசைஞ்சு ஒரு வாய் சாப்பிடு, நான் பாக்கிறன்.’

‘வெள்ளைக்காரப் பெட்டை ஒண்டு பழக்கியிருக்கும், விடுங்கோ அக்கா,’ என்று நானும் ஒரு குத்துக் குத்தினேன். எல்லோரும் சிரித்தோம்.

தாயின் ஆய்க்கினைக்குக் கிருபா வலக்கையால் சோற்றை அள்ளினான். விரலிடுக்கால் பாதிச் சோறு சாப்பாட்டுக் கோப்பையில் கொட்டியது. மிச்சத்தைச் சாப்பிடத் தலையைக் கோப்பை வரைக்கும் குனிந்தான். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. விக்னராஜா அண்ணை மட்டும் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே வைத்திருந்தார்.

காரில் ஏறியதும், ‘ஐசே, பாத்தீரே?’ என்றார்.

‘என்னத்தை?’

‘சின்ன விரலும் மோதிர விரலும் அவனுக்குச் சேரேல்லை. முழங்கை மடிஞ்சு வாய்க்கு வரேல்லை. அதுதான் தலை கீழை போனது. முழங்கைக்குள்ளை இருக்கிற நார் கிழியத் தொடங்கிட்டுது. அவனுக்குத் தெரியும், மறைக்கிறான்.’

அடுத்த நாள் போய் அருமைநாதனிடம் சொன்னார். ‘ஒரு ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இப்ப எண்டால் காப்பாத்தலாம்.’

அருமைநாதன் கதிரையை விட்டு எழும்பவில்லை. ‘ஸ்கான் எடுத்தா எல்லாருக்கும் தெரியும். ஜூன் முடியட்டும். எங்கடை வீட்டிலை சாப்பிட்ட கை காய முந்திக் குறை சொல்ல வந்திட்டீர் என்ன?’

அன்று பின்னேரம் புஷ்பவல்லி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகனுக்குச் சுற்றி அடுப்பில் போட்டா. கண்ணூறு கழிந்துவிட்டது என்று கோயிலில் சொன்னா.

அண்ணைக்கு இரண்டு கிழமை நித்திரை இல்லை. அடுத்த ஆட்டத்துப் படிவத்தின் கடைசி வரி வெறுமையாகக் கிடந்தது. ‘மைதானத்திலை கண்டால் எழுதுவன். சாப்பாட்டு மேசையிலை கண்டதை எழுதினா நான் மனிசனே?’ என்று என்னைக் கேட்டார். எழுதாவிட்டால் எறிய விடுவார்கள். எறிந்தால் கை போகும். எழுதினால் டிராஃப்டில் அவன் பெயர் வராது. இதில் எதைச் சொல்ல?

ஜனவரிச் சனிக்கிழமை, இந்த நாட்டில் நடுக்கோடை. மலைப்பக்கம் காடு எரிந்துகொண்டிருந்தது. வடகாற்று, நாற்பது பாகை வெக்கை, சூரியன் புகைக்குள் சிவப்பாகத் தொங்கியது. மைதானத்துப் புல்லில் சாம்பல். வோல்ட் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு பேரை முன்வரிசையில் இருத்தியிருந்தான். மற்றப் பக்கம் அருமைநாதனும் புஷ்பவல்லியும் தேத்தண்ணிப் போத்தலோடு. அண்ணை வலைக்குப் பின்னால் ரேடார் கன்னைப் பிடித்து ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் வாசித்தார்.

தொண்ணூற்றுமூன்று. தொண்ணூற்றுமூன்று. தொண்ணூற்றிரண்டு. அமெரிக்கர்கள் தலையாட்டினார்கள்.

நாலாவது சுற்றில் எண்பத்தொன்பது. பிறகு தொண்ணூறு. பிறகு எண்பத்தேழு. கிருபா தொப்பியை இடக்கையால் கழற்றினான். வியர்வையை இடக்கையால் துடைத்தான். வலக்கை பக்கத்தில் தொங்கியது, அவனுடையது இல்லாத மாதிரி. ‘வெக்கைக் களைப்பு’ என்றான் வோல்ட். எண்பத்தாறு.

அண்ணை கன்னைக் கதிரையில் வைத்தார். வோல்ட் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரே வசனம்: ‘இவன் முழங்கை போகப்போகுது, இப்பவே இறக்கு.’

இறக்கினார்கள். அமெரிக்கர்கள் கொப்பியை மூடினார்கள். கிருபா மேட்டிலிருந்து இறங்கி வருகிறபோது அண்ணையைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தை நான் காணவில்லை. கோபமெல்லாம் புஷ்பவல்லியிடம் இருந்தது.

‘எங்கடை சோத்தைத் திண்டுபோட்டு எங்கடை பிள்ளைக்கு மண் அள்ளிப் போட்டியளே! உங்கடை வாய் விளங்குமே?’

அருமைநாதன் அப்போதும் ஸ்கான் எடுக்கவில்லை. விக்னராஜா சொன்னது பொய் என்று காட்டவேண்டும் என்று மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார். அங்கே கிருபா வாரத்துக்கு வாரம் எறிந்தான். ஏப்ரலில் ஒரு பந்து கையை விட்டுப் போகிறபோது முழங்கையில் கேட்ட சத்தம், எதிர்ப்பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டதாம். ஜூனில் பெயர் வரவில்லை. இரண்டு தரம் வெட்டித் தைத்தும் கை நிமிரவில்லை. இப்போது ட்ருகனினாவில் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

‘அந்தாளின்ரை வாய் பட்டுத்தான் முறிஞ்சது.’ இதைச் சொல்லாத வாய் ஸ்பிரிங்வேலில் இல்லை. அண்ணை ரேடார் கன்னைத் தானாகவே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். கோயில் சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் ஆட்கள் இருப்பதில்லை. கிரிக்கெட் விளையாடுகிற பிள்ளைகளைத் தாய்மார் அவர் கண்ணில் படாமல் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் அவரோடு பழக்கத்தை விடவில்லை. விடவில்லை என்று பெருமையும் பட்டேன்.

போன வருடம் பெப்ரவரியில், என் மகள் கலா, பேஸ்போல் மாதிரிப் பெண்பிள்ளைகள் விளையாடுகிற சொஃப்ட்போல் பயிற்சிக்கு நின்றாள். பதினைந்து வயது. மாநில அணிக்கு ஆள் எடுக்கப் பத்து நாள் இருந்தது. நான் வேலியில் சாய்ந்து நின்றேன். விக்னராஜா அண்ணை கடைப் பையோடு ஒழுங்கையால் வந்தவர் என்னைக் கண்டு கிட்ட வந்தார். நான் யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது.

‘கலா, ஜாக்கெட்டைப் போடு.’

‘அப்பா, ஆர் யூ சீரியஸ்? முப்பத்திநாலு டிகிரி!’

‘போடு எண்டால் போடு.’

அண்ணைக்கு விளங்கிவிட்டது. ஐந்து வருடமாகப் பிள்ளைகளை இப்படி மறைப்பதைத்தானே பார்க்கிறார். ‘சரி ஐசே, நான் போயிட்டு வாறன்,’ என்று திரும்பி நாலடி நடந்தார். பிறகு நின்றார். பையை நிலத்தில் வைத்தார்.

‘ஒண்டு மட்டும் கேட்டுட்டுப் போறன். பிறகு நீரும் என்னைக் கூப்பிடவேண்டாம். பிள்ளை வீட்டிலை கையாலையே சாப்பிடுறது, கரண்டியாலையே?’

அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல ஒரு கோபம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மூன்று கிழமையாக வீட்டில் கரண்டிதான். அதற்கு முந்தின நாள் பின்னேரம்கூட, ‘என்ன, துரைசாணி ஆகிட்டியோ?’ என்று நான் அவளை நக்கலடித்துச் சிரித்திருந்தேன்.

கலா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டின் வலப்பக்கக் கைக்குள் கையை விட முயன்றாள். முழங்கை மடியவில்லை. இடக்கையால் அதைப் பிடித்து, மெதுவாக உள்ளே தள்ளினாள்.